வளையம் போட்ட குஞ்சு

கிளிக்காரர் வீட்டுக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் எட்டுப் பெரிய கிளிகள். காலை ஆறு மணிக்கு அவை கத்தத் தொடங்கினால் என் மெஷின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று எனக்கே தெரியாது. இரண்டு முறை நகராட்சிக்கு மனு எழுதியிருக்கிறேன். இரண்டு முறையும் மனசு கேட்காமல் அதைக் கிளிக்காரரிடமே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். இரண்டாவது மனுவில் இருந்த ஒரு எழுத்துப் பிழையை அவர்தான் திருத்திக் கொடுத்தார். அப்படிப்பட்ட மனிதர்மேல் எத்தனை நாளைக்குத்தான் கோபத்தைக் காப்பாற்றி வைத்துக்கொள்வது?

அதனால் வனத்துறை ஜீப் அவர் வாசலில் வந்து நின்றபோது தெரு முழுக்க என்னைத்தான் பார்த்தது. மாவு மில்காரர் கடை ஓரமாக வந்து, கடைசியில் சாதித்துவிட்டாய் போலிருக்கிறதே என்று கேட்டுவிட்டுப் போனார். நான் சத்தியம் பண்ணாத குறை.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் ஒரு பெண் அதிகாரி. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தார். கூட ஒரு உதவியாளர், கையில் மீன்காரர்கள் வைத்திருப்பதுபோல் ஐஸ் போட்ட பெட்டி. விஷயத்தை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். போன மாதம் ஒரு தொலைதூரப் பேருந்தின் கடைசி இருக்கைக்கு அடியில் ஒரு பை கிடைத்தது. பையில் இரண்டு நீலக்கழுத்துக் கிளிக் குஞ்சுகள். ஒன்று திறக்கும்போதே செத்திருந்தது, மற்றது மறுநாள் போய்விட்டது. பை யாருடையது என்று ஓட்டுநருக்கும் தெரியவில்லை, நடத்துநருக்கும் தெரியவில்லை. காட்டில் பிடித்த குஞ்சுகளை உரிமம் உள்ள வளர்ப்பாளர்கள் வீட்டில் பிறந்தவை என்று சொல்லி விற்கிறார்கள் என்று ஒரு புகார் இருக்கிறது. அதனால் ஊரில் நீலக்கழுத்து வளர்க்கிற எல்லோர் வீட்டிலும் மரபணு சோதனை. இது ஏழாவது வீடு.

கிளிக்காரர் முகத்தில் கொஞ்சமும் கலக்கம் இல்லை. கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இருந்தும் பட்டாளத்துக்காரர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"தாராளமா எடுங்க மேடம். இருபத்திரண்டு வருசமா வளக்கிறேன். காட்டுலேருந்து ஒரு முட்டைகூட இந்த வாசப்படி தாண்டி உள்ள வந்ததில்ல. ஒண்ணே ஒண்ணு தப்பா இருந்தாலும் மொத்தக் கூண்டையும் நீங்களே தூக்கிட்டுப் போங்க."

"எழுதிக்கவா?" என்றார் அதிகாரி. சிரிக்காமல்தான் கேட்டார்.

"எழுதிக்குங்க. ஜெராக்ஸ் தம்பி சாட்சி."

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுச் சாட்சியாகப் போனேன். அந்தக் கிளி அறைக்குள் நான் அதற்கு முன் நின்று பார்த்ததில்லை. நான்கு ஜோடிக்கு நான்கு பெரிய கூண்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் முட்டையிட ஒரு மரப்பெட்டி. தரை கழுவித் துடைத்து ஈரமாக இருந்தது. நனைத்த பயறும் இறகுத் தூசியும் கலந்த ஒரு வாடை. மூலையில் தனியாக ஒரு தொட்டியில் மூன்று குஞ்சுகள், இறகு பாதி முளைத்தும் முளைக்காமலும், பார்க்கச் சகிக்காத அழகோடு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் காலிலும் எண் பொறித்த அலுமினிய வளையம்.

அந்த வளையத்தைப் பற்றிக் கிளிக்காரர் அதிகாரிக்கே பாடம் எடுத்தார். வளையத்தில் திறப்பு இல்லை, பூட்டும் இல்லை. குஞ்சு பிறந்து பதினெட்டு இருபது நாளுக்குள், விரல்கள் மெல்லிசாக இருக்கும்போதே மாட்டிவிட வேண்டும். மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்து வளையத்தை ஏற்றி, மடங்கிக்கொண்ட நாலாவது குட்டி விரலைத் தீக்குச்சியால் மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். ஒரு வாரம் தாமதித்தாலும் கால் தடித்துவிடும், பிறகு யாராலும் மாட்ட முடியாது. வளையம் இருந்தால் கூண்டில் பிறந்தது என்று அர்த்தம். கண் ஆபரேஷனுக்குப் போகிற முதல் நாள் இந்த மூன்றுக்கும் தன் கையாலேயே மாட்டியதாகச் சொன்னார்.

அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, வளையம் நிஜம்தான், உள்ளே இருக்கிற காலும் நிஜமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்றார்.

உதவியாளர் ஒவ்வொரு கிளியாகப் பிடித்து நெஞ்சிலிருந்து ஒரு சின்ன இறகைப் பிடுங்கி, அடிக்காம்பில் ஒட்டிய ரத்தத்தோடு ஒரு குப்பியில் போட்டார். பெரியவை எட்டு, குஞ்சு மூன்று. மூன்றாவது குஞ்சைத் தூக்கும்போது மட்டும் கிளிக்காரரின் மனைவி குறுக்கே வந்தார். அது இளசு, இன்னும் ஒரு வாரம் கழித்து எடுக்கலாமே என்றார். கிளிக்காரர் சிரித்தார். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்த நாளில் இவள்தான் மூன்றையும் கையால் ஊட்டி வளர்த்தாள், பெற்ற பாசம் என்றார். பதினொரு குப்பிகளுக்கும் அரக்கு வைத்தார்கள். நான் பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மூன்று மணிக்கு அண்ணி கடைக்கு வந்தார். கிளிக்காரரை நான் அண்ணே என்பேன், அதனால் அவர் மனைவி எனக்கு அண்ணி. அதிகாரி கொடுத்துவிட்டுப் போன ரசீதை நகல் எடுக்க வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். போகவில்லை. அந்தத் தாளில் சோதனையைப் பற்றி என்ன போட்டிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றார். படித்தேன். குஞ்சின் மரபணுவில் பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வந்திருக்கும், கூண்டில் உள்ள எந்த ஜோடியோடும் பொருந்தாவிட்டால் அது வெளியிலிருந்து வந்தது என்று கொள்ளப்படும். அதில் தப்பு வருமா என்றார். கோடியில் ஒன்று வரலாம் என்றேன். அவர் நகல் மெஷின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து கிளிக்காரர் கண்கட்டோடு வீடு வந்த நான்காம் நாள். அண்ணி குஞ்சுகளுக்குக் கூழ் கலக்கி வெந்நீரில் வைத்திருந்தார். நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். பேசிவிட்டு வந்து மேலே சூடு பார்த்தார், சரியாக இருந்தது. அடிவரை கிளறவில்லை. அடியில் சுட்டுக்கொண்டிருந்த கூழ் ஒரு குஞ்சின் தொண்டைப் பைக்குள் போய்விட்டது. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் கழுத்துக்குக் கீழே தோல் சிவந்து, பிறகு கறுத்து, கிழிந்து, ஊட்டுகிற கூழ் நெஞ்சு வழியாகவே வெளியே வடிந்தது. மூன்றாம் நாள் செத்துப்போனது.

"சொல்லிடலாம்னுதான் போனேன் தம்பி. அவரு ஒரு குஞ்சு செத்தாக்கூட அழுவாரு. டாக்டர் என்ன சொல்லி அனுப்பினாரு? ஒரு மாசத்துக்குக் கண்ணுல தண்ணி வரக் கூடாதுன்னாரு. தையல் விட்டா பார்வையே போயிடும்னாரு. நான் என்ன பண்ணட்டும்?"

அந்தச் சமயம் பார்த்துத் தன் மாமாவான கிளிக்காரரைப் பார்க்க அண்ணியின் தம்பி வந்திருக்கிறார். தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர். அக்கா சமையலறையில் நின்று அழுததைப் பார்த்துவிட்டு இரண்டே நாளில் ஒரு செருப்புப் பெட்டியில் குஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். செத்ததைவிட ஒரு வாரம் இளையது. அண்ணி செத்த குஞ்சைப் புதைத்த இடத்தைத் தோண்டி, வதங்கிச் சுருங்கியிருந்த காலில் எண்ணெய் தடவி வளையத்தை உருவி, கழுவி, இதன் காலில் ஏற்றினார். தீக்குச்சியால் குட்டி விரலை வெளியே எடுப்பதை அவர் இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தானே.

கிளிக்காரர் திரும்பக் கிளி அறைக்குள் வந்தபோது ஒரு குஞ்சு மட்டும் சிறுத்திருப்பதைப் பார்த்தார். நான் இல்லாமல் ஏங்கிப்போயிருக்கிறது என்றாராம்.

எங்கிருந்து கொண்டுவந்தான் என்று தம்பியிடம் கேட்கவில்லையா என்றேன்.

"கேட்டா சொல்லிடுவானோன்னு பயந்துதான் கேக்கல."

அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஊர் வம்பை ஊதிப் பெரிதாக்குகிற என் வாய், தேவையானபோது பசை போட்டு ஒட்டினதுபோல் இருந்தது. அதற்காக என்னை நானே திட்டிக்கொண்ட நாட்கள் உண்டு.

முடிவு வர பதினேழு நாள் ஆனது. வெயில் ஏறிக்கொண்டே போனது. கிளிக்காரர் தினமும் காலையில் கடைக்கு வந்து, கடிதம் ஏதாவது வந்ததா என்று கேட்பார். அவருக்கு வருகிற கடிதம் என் கடைக்கு ஏன் வரப்போகிறது? ஒரு பேச்சுத் துணைக்காக வந்தார். முடிவு வந்ததும் அதைப் பெரிதாக்கி நகல் எடுத்துக் கூண்டுக்கு மேல் ஒட்ட வேண்டும், எவ்வளவு பெரிதாக எடுக்க முடியும் என்று கேட்டார். மெஷின் தாங்குகிற அளவு என்றேன். அந்தப் பக்கம் திரும்பி டோனரை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணி இளைத்துக்கொண்டே வந்தார். மூன்றாவது குஞ்சுக்கு இப்போதுதான் நீலம் பிடிக்கத் தொடங்கியிருந்தது, கழுத்தில் ஒரு விரற்கடை. அண்ணி அறைக்குள் போனால் அது தத்தித் தத்தி வந்து அவர் புடவைக் கரையைக் கவ்வுமாம். தம்பி இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் செய்தார். அந்தக் குஞ்சை ஏதாவது பண்ணிவிடு, செத்த பறவைக்கு ஏது வழக்கு என்றாராம். இறகு எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே என்று அண்ணி சொன்னதற்கு, அப்படியானால் வாயைத் திறக்காமல் இரு, மாமா பார்த்துக்கொள்வார் என்றாராம். மாமா எதைப் பார்த்துக்கொள்வார் என்று அவர் சொல்லவில்லை.

பதினெட்டாம் நாள் பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. கிளிக்காரர் முகச்சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். முன்னறையில் நான்கு நாற்காலி, நடுவில் ஒரு சின்ன மேஜை. அண்ணி உட்காரவில்லை, உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி தாளைப் பிரித்து நிதானமாக வாசித்தார். முதல் குஞ்சும் இரண்டாவது குஞ்சும் மூன்றாவது ஜோடியின் பிள்ளைகள், சந்தேகமே இல்லை. கிளிக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மூன்றாவது குஞ்சு இந்த வீட்டில் உள்ள எந்த ஜோடிக்கும் பிறக்கவில்லை.

கிளிக்காரர் கோபப்படவில்லை. ஆய்வகத்தில் குப்பி மாறியிருக்கும் என்றார். இரண்டு முறை செய்து பார்த்தோம் என்றார் அதிகாரி. முட்டையைச் சிலசமயம் வேறு ஜோடிக்கு அடை வைப்பேன், அதனால் குழப்பம் வந்திருக்கும் என்றார். அதற்காகத்தான் நான்கு ஜோடியையும் எடுத்தோம் என்றார் அதிகாரி. அப்புறம் வளையம் எப்படி வந்தது, சொல்லுங்கள் என்று கிளிக்காரர் குரலை உயர்த்தியபோது அதிகாரி இரண்டாவது தாளை எடுத்தார்.

"இன்னொண்ணும் இருக்குங்க. பஸ்ல ஒரு பை கிடைச்சதுன்னு சொன்னேனே, அதுல செத்துப்போன ரெண்டு குஞ்சும் இதுவும் ஒரே தாய் தகப்பனுக்குப் பொறந்ததுங்க. ஒரே பொந்துல இருந்த மூணு. ரெண்டு செத்துருச்சு, ஒண்ணு உங்க வீட்ல இருக்கு."

கிளிக்காரர் எழுந்து உள்ளே போனார். குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதன் காலைப் பார்த்தார், இறக்கையை விரித்து ஒவ்வொரு இறகாகப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். எத்தனை நாள் குஞ்சு என்று விரல் மடக்கி எண்ணினார். இரண்டாவது முறை எண்ணும்போது பாதியில் விரல் நின்றது. மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அண்ணி குனிந்துகொண்டார். அந்த அறையில் அவ்வளவுதான் நடந்தது, ஆனால் எனக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது.

அதிகாரி அடுத்து நடக்கப்போவதைச் சொன்னார். காட்டுப் பறவைக்கு வளையம் மாற்றியது பெரிய குற்றம். உரிமம் ரத்தாகும். எல்லாக் கிளிகளும் போகும். உரிமக்காரர்மேல் வழக்கு, மூன்று வருடம் வரை தண்டனை. குஞ்சைக் கொண்டுவந்தது யார் என்று தெரிந்தால் வழக்கு அந்தப் பக்கம் நகரும்.

"நான்தான் மேடம்," என்றார் கிளிக்காரர். "நான்தான் வாங்கினேன். காட்டுலேருந்து பிடிச்சதுன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன்."

இருபத்திரண்டு வருடமாகப் பெருமையாகச் சொல்லிவந்த ஒன்றை அந்த மனிதர் எச்சில் துப்புவதுபோல் துப்பிவிட்டார். என்றைக்கு வாங்கினீர்கள் என்று அதிகாரி கேட்டார். ஒரு தேதி சொன்னார். அது அவர் கண்கட்டோடு படுத்திருந்த வாரம். ஆஸ்பத்திரித் தாளை நகல் எடுத்துக் கொடுத்தவன் நான், எனக்குத் தெரியும். அதிகாரிக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவர் எழுதவில்லை.

"அவரு இல்லீங்க," என்றார் அண்ணி. "வளையம் மாத்தினது நான். கொண்டுவந்து குடுத்தது என் தம்பி. அந்தப் பஸ்ஸை ஓட்டினதும் அவன்தான்."

கிளிக்காரர் வேண்டாம் என்பதுபோல் கையைக் காட்டினார். அவன் பிள்ளைகுட்டிக்காரன், யோசித்துப் பேசு என்றார். அண்ணி யோசித்துத்தான் பேசினார். அதிகாரி எண்ணைக் கேட்டபோது, நீங்கள் போன் செய்தால் அவன் எடுக்கவே மாட்டான் என்று தன் போனையே மேஜைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். அதிகாரி எங்கள் எல்லோரையும் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"என்னக்கா, ரிசல்ட் வந்துச்சா?"

"இன்னும் இல்ல. பயமா இருக்குடா."

"எதுக்குப் பயம்? எங்கேருந்து வந்துச்சுன்னு எவனும் கண்டுபிடிக்க முடியாது."

"தாய்க்கிளியப் பிடிச்சு டெஸ்ட் பண்ணா?"

"எந்தத் தாய்க்கிளி? மரமே இல்லக்கா. பொந்து ரொம்ப ஒசரத்துல இருந்துச்சுன்னு மரத்தையே ரம்பம் போட்டுச் சாய்ச்சுட்டாங்க. தாய் உள்ளயே இருந்துச்சாம். அதோட சரி."

கிளிக்காரர் குஞ்சை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி அதன் முதுகில் விழுந்தது. துடைக்கவில்லை.

அண்ணி போனுக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

"இன்னொரு குஞ்சு கெடைக்குமாடா?"

இந்த அம்மாவுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்றுதான் நான் நினைத்தேன். அதிகாரியின் பேனா மட்டும் காகிதத்தில் தயாராக நின்றது.

"ஏன், என்னாச்சு?"

"இன்னொண்ணும் செத்துருச்சு. மாமாவுக்குத் தெரியாது."

"அட என்னக்கா நீ..." என்று தம்பி சலித்துக்கொண்டார். "இப்ப கெடுபிடி ஜாஸ்தி. சரி, புதன்கிழமை போறாங்க. பழைய கல்குவாரி தாண்டி ஓடை ஓரமா ரெண்டு மரம் பாத்து வெச்சிருக்காங்க. ரெண்டுலயும் குஞ்சு இருக்காம். உனக்கு ஒண்ணு எடுத்து வெக்கச் சொல்றேன்."

"நீயும் போவியா?"

"நான் எங்க மரம் ஏறப் போறேன்? பஸ்ல ஏத்திட்டு வர்றது மட்டும்தான் நான். மத்தது அவங்க."

அண்ணி கண்ணை மூடித் திறந்தார். அதிகாரி எழுதி முடித்துவிட்டுத் தலையாட்டினார், போதும் என்று. அண்ணி போனை வைக்கவில்லை.

"இன்னிக்கு உனக்கு லீவுதானே. மத்தியானம் சாப்பிட வாயேன். மீன் வாங்கியிருக்கேன்."

"மாமா இருக்காரா?"

"இருக்காரு."

"ஒரு மணிக்கு வரேன்."

போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணி அதிகாரியின் எதிரே வந்து நின்றார். அவன் வீட்டில் வைத்துப் பிள்ளைகள் கண் முன்னால் பிடிக்காதீர்கள், இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். அவனுக்குக் காலையில் ஒன்றும் சாப்பிடுகிற வழக்கமில்லை, சாப்பிட்டு முடிக்கிறவரை வெளியில் இருக்க முடியுமா என்றும் கேட்டார்.

"சந்தேகம் வந்து ஓடிட்டாருன்னா?"

"அக்கா வீட்டுக்குச் சாப்பிட வரவன் ஏம்மா ஓடப் போறான்?"

அதிகாரி உதவியாளரிடம் ஜீப்பை அடுத்த தெருவில் நிறுத்தச் சொன்னார். என்னிடம் திரும்பி, உங்கள் கடையில் நாற்காலி இருக்கிறதா என்றார்.

மீன் வாங்கியிருக்கேன் என்று அண்ணி தம்பியிடம் சொன்னாரே தவிர, வீட்டில் மீன் இல்லை. என் சைக்கிளில் போய் நான்தான் வாங்கிவந்தேன். கிளிக்காரர் வாசல் பக்கம் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்து கொடுத்தார். அவர் செதிள் சுரண்டுவதும் அண்ணி உள்ளே எண்ணெய் காய வைப்பதும் மட்டும் கேட்டது.

ஒன்று பத்துக்குத் தம்பி வந்தார். பைக்கை என் கடை வாசலில்தான் நிறுத்தினார். எப்படி இருக்கீங்க அண்ணே என்று என்னைக் கேட்டார். உள்ளே நகல் எடுக்கக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்த அதிகாரியை அவர் இரண்டாவது முறை பார்க்கவில்லை. நல்லா இருக்கேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம். வெயிலுக்குக் கிளிகள் அடங்கியிருந்தன, அதனால் எல்லாம் துல்லியமாகக் கேட்டது. தம்பி ஏதோ சொல்லிச் சிரித்தார். மாமா ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். அவருக்குப் பசியில்லை என்றார் அண்ணி. "இன்னும் ஒண்ணு வெச்சுக்கடா" என்றார். தம்பி போதும் என்றார். "மெதுவா சாப்பிடு, என்ன அவசரம்" என்றார். சிறிது நேரம் கழித்து மறுபடியும், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கடா."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். மூன்றாவது முறையும் அந்தக் குரல் கேட்டதும் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் குழாய் திறக்கிற சத்தமும் கை கழுவுகிற சத்தமும் வந்தன. சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. அதிகாரிக்கும் கேட்டிருக்கும், அவரும் அசையவில்லை. தண்ணீர் நின்று, துண்டு எங்கேக்கா என்று தம்பி கேட்டு, அவர் கை துடைத்து முடிக்கிற அளவு நேரம் அதிகாரி அப்படியே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார்.